அண்ணி ஊற்றிவைத்த பாட்டில்

பிப்ரவரி 6

அன்புள்ள வாலு,

நான் நலம். நீயும் மாப்பிள்ளையும் நலம்தானே. உன் கழுத்து வலி எப்படி இருக்கிறது? நாள் முழுக்கக் குனிந்து தைத்தால் வலிக்காமல் என்ன செய்யும். தையல் மெஷினுக்கு அடியில் இரண்டு பலகை கொடுத்து உயர்த்து என்று போன வருடமே சொன்னேன். நீ எப்போது நான் சொல்லிக் கேட்டிருக்கிறாய்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று மாப்பிள்ளை சிரிப்பார். போனில் நீ "சாப்பிட்டியாண்ணா" என்கிறாய், நான் "ம்" என்கிறேன், அப்புறம் இரண்டு பேரும் மூக்கை உறிஞ்சுகிறோம். உன் அண்ணி போன இந்த நான்கு மாதமாக இதுதான் நடக்கிறது. எழுதினால் கொஞ்சம் நிதானமாக வரும் என்று தோன்றியது.

வீட்டு வேலை எல்லாம் பழகிவிட்டேன். துணி துவைக்கிறேன், பாத்திரம் கழுவுகிறேன், முன்பு ஞாயிற்றுக்கிழமை மட்டும் துடைத்த தரையை இப்போது தினமும் துடைக்கிறேன். அதில்தான் ஒரு சந்தேகம். குளியலறை அலமாரியில் உன் அண்ணி வைத்திருந்த தரை துடைக்கும் லிக்விட் பாட்டில்கள் ஒவ்வொன்றாகத் தீர்ந்து, போன வாரம் கடைசிப் பாட்டிலும் காலி. ஆபீசிலிருந்து புதுசு கொண்டுவந்து திறந்தேன். வாசனை சரியில்லை. ஆரஞ்சு வாசனைதான், ஆனால் நம் வீட்டு வாசனை இல்லை. தொண்டையில் போய் ஒட்டிக்கொள்கிறது. பக்கெட்டில் நுரை வேறு பொங்கி வழிகிறது. உன் அண்ணி இருந்தவரை நம் வீட்டில் நுரையே வராது. "தண்ணி உப்புங்க, அதான் நுரைக்கல" என்பாள். இப்போது தண்ணீர் இனித்துவிட்டதா?

ஃபாக்டரியில் கேட்டேன். பத்து வருடமாக ஒரு சொட்டுகூட மாற்றவில்லை என்று சத்தியம் செய்கிறார்கள். இருபத்தாறு வருடமாக இந்த லிக்விடை விற்கிறேன், கண்ணைக் கட்டிவிட்டு முகரச் சொன்னாலும் சொல்லுவேன், எனக்கே கதை விடுகிறார்கள். கல்யாணத்துக்கு முன்னால் ஐந்து வருடம் நீ இந்த வீட்டில்தானே இருந்தாய், அவளோடு சேர்ந்து துடைத்தாய். அவள் தண்ணீரில் வேறு ஏதாவது கலப்பாளா? யோசித்து எழுது.

வீட்டுக்குள் நுழைந்தால் அந்த வாசனை வரும், பின்னாலேயே அவள் குரல் வரும். குரல் இனி வராது, தெரியும். வாசனையாவது இருக்கட்டும் என்று பார்க்கிறேன்.

உன் அன்பு அண்ணன்


பிப்ரவரி 27

அன்புள்ள அண்ணா,

இங்கே எல்லாரும் சுகம். உன் முழங்கால் எப்படி? தரையைத் தினமும் துடைக்கிறாய் என்று படித்ததும் இவர் என்னைப் பார்த்த பார்வையைச் சொல்ல முடியாது. துடைப்பத்தை அவர் பக்கமாகச் சாய்த்து வைத்தேன்.

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. பள்ளிச் சீருடை ஆர்டர் இந்த வருடம் முன்கூட்டியே வந்துவிட்டது, கடையில் கத்தரிக்கோலை வைக்க நேரமில்லை. காலர், பாக்கெட், காலர், பாக்கெட், கண்ணை மூடினாலும் அதுதான் தெரிகிறது.

லிக்விட் விஷயம். பாட்டில் வெயிலில் நின்றிருக்கும் அண்ணா. லாரியில் வரும்போது சூடேறி வாசனை மாறியிருக்கும். அல்லது உன் மூக்கே கொஞ்சம் மாறியிருக்கும், துக்கத்தில் அப்படி ஆகும் என்கிறார்கள். அண்ணி என்ன கலப்பார் என்று எனக்கு ஞாபகம் இல்லை. எத்தனை வருடம் ஆகிவிட்டது.

நேரத்துக்குச் சாப்பிடு. சட்டைப் பொத்தான் பிய்ந்தால் அப்படியே போட்டுக்கொண்டு ஆபீஸ் போகாதே, தபாலில் அனுப்பு, தைத்து அனுப்புகிறேன். இவர் உன்னை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்.

உன் தங்கை


மார்ச் 9

அன்புள்ள வாலு,

இங்கே சுகம், உங்கள் சுகத்துக்கு எழுது. பொத்தான் எல்லாம் பத்திரமாக இருக்கிறது.

என் மூக்கு கெட்டுவிட்டது என்றாய். சோதித்துவிட்டேன். கம்பெனிக் கிடங்கில் மூன்று வெவ்வேறு மாதத்துப் பாட்டில்களை எடுத்துத் திறந்தேன். மூன்றும் ஒரே வாசனை, மூன்றும் நம் வீட்டு வாசனை இல்லை. பிறகு உன் அண்ணியின் காலிப் பாட்டிலை முகர்ந்தேன். மூடியில் இன்னும் கொஞ்சம் ஒட்டியிருக்கிறது. அதுதான். என் மூக்குக்கு ஒரு குறையும் இல்லை.

இன்னொரு வேடிக்கை கேள். நம் கட்டடத்து மாடிப்படி மட்டும் இந்தப் புதுப் பாட்டில் மாதிரியே மணக்கிறது. வாட்ச்மேனைக் கூப்பிட்டு, "படி துடைக்க என்னய்யா ஊத்துற?" என்று கேட்டேன். "உங்க லிக்விட்தான் சார். அம்மா மாசாமாசம் கேன்ல ஊத்திக் குடுப்பாங்க, வருஷக்கணக்கா. அதுல கொஞ்சம் மிச்சம் வெச்சிருக்கேன்" என்றான். எனக்குத் தெரியவே தெரியாது. நான் கொண்டுவரும் சாம்பிள் பாட்டில்களைக் கட்டடத்துக்கே தானம் செய்திருக்கிறாள். பெருமையாக இருந்தது. என்னிடம் சொன்னால் நான் என்ன, வேண்டாம் என்றா சொல்லியிருப்பேன்.

ஆனால் மாடிப்படி ஒரு மாதிரி, வீடு வேறு மாதிரி ஏன் மணந்தது என்பதுதான் புரியவில்லை. அவள் எதையோ கலந்திருக்கிறாள். நீ மறந்திருக்க மாட்டாய் வாலு. பால்காரன் எந்த வருடம் மீசையை எடுத்தான் என்பதுகூட உனக்கு ஞாபகம் இருக்கும்.

மெனக்கெட்டு யோசித்து எழுது. மாப்பிள்ளைக்கு என் அன்பு.

அண்ணன்


ஏப்ரல் 2

அன்புள்ள அண்ணா,

இங்கே நலம். கழுத்துக்குப் பலகை வைத்துவிட்டேன், வலி குறைந்திருக்கிறது. ஒரு முறை உன் பேச்சைக் கேட்டாயிற்று, குறித்துவைத்துக்கொள்.

அண்ணி என்ன கலந்தார் என்று தெரியாது. ஆனால் என் கடைக்கு ரவிக்கை தைக்க வரும் டீச்சர் ஒருத்தர் வீட்டிலேயே தரை துடைக்கும் தண்ணீர் செய்கிறார். அதுவும் ஆரஞ்சு. முகர்ந்து பார்த்தேன், நன்றாக இருந்தது. நீ சொல்லும் வாசனைக்குப் பக்கத்தில் வரலாம். முயற்சி செய்து பார்.

ஆரஞ்சு சாப்பிட்டுவிட்டுத் தோலைத் தூக்கிப் போடாதே. உள்ளே பழம் ஒட்டியிருந்தால் வழித்து எடுத்துவிடு. வாயகன்ற கண்ணாடி ஜாடியில் முக்கால் அளவு தோலைப் போட்டு, மூழ்கும்வரை வெள்ளை வினிகர் ஊற்று. இறுக்கி மூடி, வெளிச்சம் படாத அலமாரியில் மூன்று வாரம் வை. அவ்வப்போது குலுக்கு. பிறகு மெல்லிய துணியில் வடிகட்டு. ஒரு பக்கெட் தண்ணீருக்கு அரை டம்ளர் போதும். சமையல் சோடாவை இதோடு கலக்காதே, பொங்கி அடங்கி இரண்டுமே வீணாகிவிடும். ப்ளீச்சிங் பவுடர் பக்கம் கொண்டுபோகாதே, விஷப் புகை வரும். அதை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நுரை வராது. தண்ணீரைக் குறை சொல்லாதே.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை


ஏப்ரல் 21

அன்புள்ள வாலு,

நலம், நலம்தானே.

இருபத்தாறு வருட சேல்ஸ்மேனுக்கு வினிகரும் பழத்தோலும் எழுதி அனுப்புகிறாயே, எந்தப் போட்டிக் கம்பெனி உன்னை விலைக்கு வாங்கியது? ஆபீசில் தெரிந்தால் என் மானம் கப்பலேறும். அங்கே என் பெயரே நுரை. கடைக்காரர் முன்னால் ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு மூடி ஊற்றிக் கலக்கி நுரையைக் காட்டித்தான் நான் பேச்சையே தொடங்குவேன்.

இருந்தாலும் செய்தேன். முதல் ஜாடி பூசணம். ஆசையில் தோலைக் கழுத்துவரை அமுக்கிவிட்டேன். மேலே இருந்தது வினிகரில் மூழ்காமல் நின்று, பத்தே நாளில் பச்சைப் பசேல் என்று கம்பளி போர்த்திக்கொண்டது. கொட்டிவிட்டு, ஒரு சின்னத் தட்டைக் கவிழ்த்து அமுக்கி இரண்டாவது ஜாடி போட்டிருக்கிறேன். தினமும் ஆபீசிலிருந்து வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் அலமாரியைத் திறந்து பார்க்கிறேன். நேற்று கீழ்வீட்டு அம்மா, "வீட்ல குழந்தை ஏதாச்சும் வெச்சிருக்கீங்களா, ஓடி ஓடிப் போறீங்க" என்று கேட்டார்.

தோல் உரிக்கும்போது பழசெல்லாம் ஞாபகம் வருகிறது. நீ வந்து சேர்ந்த புதிதில் உன் அண்ணிக்கு ஓயாத இருமல், இழுப்பு. தூசுதான் காரணம் என்று நான் நினைத்தேன். ஞாயிறு தவறாமல் நானே வீடு முழுக்கத் துடைக்கத் தொடங்கினேன். லிக்விடை எல்லாரையும்விட இரண்டு மூடி அதிகம் ஊற்றுவேன். கொஞ்ச நாளில் இருமல் நின்றது. அதைச் சொல்லித்தானே எத்தனை கடை பிடித்தேன். "என் சம்சாரத்துக்கு இருமலே போயிடுச்சு, நீங்க வாங்குங்க" என்பேன். அவள் கட்டிலில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, "அந்த மூலைய விட்டுட்டீங்க" என்று அதிகாரம் செய்வாள். விட்டிருக்க மாட்டேன். சும்மா சொல்லுவாள்.

உன் டீச்சருக்கு நன்றி சொல்.

அண்ணன்


மே 20

அன்புள்ள வாலு,

நலம். போன கடிதத்துக்கு உன்னிடமிருந்து பதில் இல்லை. சீருடை சீசன் முடியவில்லையா, அல்லது உடம்பு ஏதாவது சரியில்லையா? ஒரு வரி எழுது.

ஜாடியை வடிகட்டி, ஞாயிற்றுக்கிழமை காலையில் பக்கெட்டில் ஊற்றினேன். கூடத்தில் பாதி துடைத்தேன். அதற்குமேல் முடியவில்லை, ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவள் சமையலறையில் நிற்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்தேன் என்றால் சும்மா இல்லை வாலு, திரும்பிப் பார்த்தேன். நான் அழுதேன் என்று உன்னிடம் சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை.

முழுசாக அதே வாசனை இல்லை. முக்கால் பங்கு வந்துவிட்டது. ஒன்று குறைகிறது. கொஞ்சம் காரமாக, நெஞ்சுக்கு இதமாக ஒன்று இருக்கும். அது என்ன என்று டீச்சரிடம் கேட்டு எழுது.

இன்னொரு சேதி. செப்டம்பரில் நான் ஓய்வு பெறுகிறேன் அல்லவா, கம்பெனியில் பெரிதாக விழா வைக்கிறார்கள். அதற்கு ஒரு கையேடு அச்சடிக்கிறார்கள், எல்லாக் கடைக்கும் போகும். அட்டையில் உன் அண்ணியின் படம். பக்கத்தில் லிக்விட் பாட்டில். கீழே, "இருபத்தாறு வருடமாக எங்கள் வீட்டில் இதுதான்" என்ற வரி. மேனேஜர் கேட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. அவள் படம் ஊர் ஊராகப் போகும். ஒவ்வொரு கடையிலும் அவள் இருப்பாள்.

உன் கல்யாணத்துக்கு முன்னால் பால்கனியில் அவள் சிரித்தபடி நிற்கும் படம் ஒன்று உன்னிடம் இருக்கிறது. அதைவிட நல்ல படம் கிடையாது. ஜூன் பதினைந்துக்குள் அனுப்பிவை, அதற்குப் பிறகு அச்சுக்குப் போய்விடும்.

அண்ணன்


ஜூன் 3

அன்புள்ள அண்ணா,

நாங்கள் நலம். நீ தனியாக இருக்கும்போது இதைப் படி, படிப்பதற்கு முன் உட்கார்ந்துகொள்.

குறைவது கிராம்பு. ஒரு ஜாடிக்கு மூன்று கிராம்பு, தோலோடு சேர்த்தே போட வேண்டும். எனக்கு அது முதலிலேயே தெரியும். வேண்டுமென்றேதான் விட்டேன். டீச்சர் என்று யாரும் இல்லை. முழுசாக எழுதினால் அதே வாசனை வந்துவிடும், நீ கண்டுபிடித்துவிடுவாய் என்ற பயத்தில் அரைகுறையாக எழுதினேன். உன் முதல் கடிதம் வந்த நாளிலிருந்து பூசி மெழுகிக்கொண்டிருக்கிறேன். யாருக்கும் சொல்லமாட்டேன் என்று அண்ணி என்னிடம் கையில் அடித்துச் சத்தியம் வாங்கியிருந்தார்.

அண்ணிக்கு உன் லிக்விட் ஒத்துக்கொள்ளவில்லை அண்ணா. அந்த இருமல் தூசியால் வந்தது இல்லை. நீ தரையைத் துடைத்துவிட்டு வெளியே போனதும் சன்னல் எல்லாவற்றையும் திறந்துவிட்டு, பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். உதடு வெளுத்திருக்கும். நான் முதுகைத் தடவிக்கொண்டு நிற்பேன். நான் வந்த இரண்டாவது வருடத்தில் ஒரு நாள், இனி இதை வீட்டில் ஊற்றப்போவதில்லை என்று அவராகவே முடிவு செய்தார்.

நீ வாரத்தில் நான்கு நாள் வெளியூர் போய்விடுவாய். அந்த நேரத்தில்தான் செய்வோம். முதலில் எலுமிச்சைத் தோலில் செய்தோம். "இது ஆகாது, உங்க அண்ணன் மூக்கு கண்டுபிடிச்சிடும்" என்று கொட்டிவிட்டார். பிறகுதான் ஆரஞ்சு. உன் லிக்விடும் ஆரஞ்சு வாசனை என்பதால் சந்தேகம் வராது. நீ கொண்டுவரும் பாட்டிலைத் திறந்து வாட்ச்மேன் கேனில் ஊற்றிவிட்டு, பாட்டிலை மூன்று முறை கழுவி, வெயிலில் காயவைத்து, எங்கள் தண்ணீரை ஊற்றி மூடிவைப்போம். வெள்ளைப் பாட்டில், உள்ளே என்ன நிறம் என்று தெரியாது. உப்புத் தண்ணீர்க் கதையும் அண்ணி கட்டியதுதான். நீ அதை நம்பித் தண்ணீர்த் தொட்டியைக் கழுவ ஆள் கூட்டிவந்த அன்று நாங்கள் சமையலறையில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.

இருமல் நின்றது அதனால்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் நீ இரண்டு மூடி அதிகம் ஊற்றித் துடைத்தாயே, அதுவும் அண்ணியின் தண்ணீர்தான். அவர் நலமாக மூச்சுவிட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்து உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாரத்தில் தனக்குப் பிடித்த நேரமே அதுதான் என்று என்னிடம் சொல்லியிருக்கிறார்.

இதை நான் உன்னிடம் சொல்லியே இருக்கமாட்டேன். ஆனால் அந்தப் பாட்டிலுக்குப் பக்கத்தில் அண்ணி சிரித்துக்கொண்டு நிற்பதை என்னால் தாங்க முடியாது. படத்தை அனுப்பவில்லை. அனுப்பமாட்டேன். என்மேல் கோபப்படு, பரவாயில்லை. வேறு எந்தப் படத்தையும் அவர்களுக்குக் கொடுக்காதே.

உன் தங்கை


ஜூன் 30

அண்ணா,

சுகமா? பதினைந்தாம் தேதி போய் இரண்டு வாரம் ஆகிவிட்டது. போன் செய்தால் எடுக்கமாட்டேன் என்கிறாய். கீழ்வீட்டு அம்மாவிடம் பேசினேன். "போறாரு, வர்றாரு, யார்கூடவும் பேச்சில்லம்மா. மாடிப்படியில நின்னு ரொம்ப நேரம் மோந்து பார்த்துட்டு இருந்தாரு" என்றார்.

இவர் டிக்கெட் எடுக்கிறேன் என்கிறார். நீ வேண்டாம் என்று எழுதினாலும் வருவேன். எதுவும் எழுதாமல் இருந்தால் கட்டாயம் வருவேன்.

உன் தங்கை


ஜூலை 14

அன்புள்ள தங்கைக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. வர வேண்டாம். வந்தால் உன் முகத்தைப் பார்த்துப் பேச இப்போது எனக்குத் தெம்பில்லை. கோபம் இல்லை, அப்படி எடுத்துக்கொள்ளாதே.

படம் கொடுக்கவில்லை. மேனேஜரிடம் அவளுக்குப் படம் எடுத்துக்கொள்ளப் பிடிக்காது என்று சொல்லிவிட்டேன்.

அவளைப் பார்த்த டாக்டரிடம் போனேன். அந்த ஆரம்ப வருடங்களின் இழுப்புதான் பின்னால் அவளைக் கொண்டுபோனதா என்று கேட்டேன். அவர் பழைய காகிதங்களைத் தேடி எடுத்துக் காட்டினார். மூளையில் ரத்தக்குழாய் வெடித்ததற்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, நுரையீரல் சுத்தமாக இருந்தது என்றார். இரண்டு முறை கேட்டேன், இரண்டு முறையும் பொறுமையாகச் சொன்னார். வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன். ஆறுதலாக இருக்க வேண்டும் இல்லையா? இல்லை. சுத்தமாக இருந்தது என்றால், அவள் தன்னைத் தானே காப்பாற்றிக்கொண்டாள் என்று அர்த்தம். என்னிடமிருந்து.

எனக்கு ஒன்றே ஒன்று தெரிய வேண்டும். இருபது வருடத்துக்கு மேல் பாட்டிலைக் கழுவிக் காயவைத்து ஊற்றியிருக்கிறாள். அவ்வளவு மெனக்கெட்டவள் என்னிடம் ஒரு வார்த்தை ஏன் சொல்லவில்லை? நான் அடிக்கிறவனா, குடிக்கிறவனா? என்னிடம் சொல்ல என்ன பயம்? சொல்லியிருந்தால் அந்தப் பாட்டிலை வீட்டுக்குள்ளேயே விட்டிருக்கமாட்டேன். உனக்குத் தெரிந்திருந்தால் எழுது. எதையும் மறைக்காதே.

அண்ணன்


ஜூலை 30

அன்புள்ள அண்ணா,

இங்கே எல்லாரும் நலம். மழை பிடித்துக்கொண்டது. கடையில் ஒரு பக்கம் ஒழுகுகிறது, துணியை எல்லாம் மேசைமேல் ஏற்றி வைத்திருக்கிறேன். இவருக்கு இரண்டு நாள் காய்ச்சல் இருந்து இப்போது சரியாகிவிட்டது. உனக்கு ஒரு அரைக்கைச் சட்டை தைத்திருக்கிறேன், விழாவுக்குப் போட்டுக்கொள். அளவு பழையதுதான், நீ மெலிந்திருந்தால் சொல், பிடித்துத் தைக்கிறேன்.

நீ கேட்டது. அண்ணிக்குப் பயம் எல்லாம் இல்லை. நீ அந்த வேலையை எவ்வளவு ஆசையாகச் செய்தாய் என்று அவருக்குத் தெரியும். உன் மனம் நோகக்கூடாது என்று நினைத்தார். அவ்வளவுதான் அண்ணா. வேறு ஒன்றும் இல்லை. உன்னிடம் சொல்லாதது உன்மேல் இருந்த பிரியத்தால்தான்.

இதையே நினைத்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. கிராம்பு போட்டு ஒரு ஜாடி வை. மூன்றுக்கு மேல் போடாதே, கசந்த வாசனை வந்துவிடும்.

உன் தங்கை


செப்டம்பர் 30

அன்புள்ள வாலு,

நலம். மாப்பிள்ளைக்கு மறுபடி காய்ச்சல் வரவில்லையே? சட்டை அளவாக இருந்தது, தோளில் மட்டும் கொஞ்சம் தொங்கியது. இரண்டு மாதமாக எழுதவில்லை, மன்னித்துவிடு.

நேற்று முன்தினம் விழா நடந்தது. நாற்பது பேர் இருக்கும். கடைசியில் மேனேஜர் பேசினார். நுரையைப் பற்றிச் சொன்னார், எல்லாரும் சிரித்தார்கள். பிறகு, "புகார் சொல்ற கஸ்டமரை இவர் சமாளிக்கிற விதமே தனி. நெடி தாங்கல, மூச்சு முட்டுதுன்னு யாராவது சொன்னா, இவர் நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டார். பில் எழுதிக்கிட்டே, 'பழகிடும்'னு ஒரே வார்த்தைதான் சொல்லுவார். ஆளு அடுத்து வாயே திறக்கமாட்டான்" என்றார். நாற்பது பேரும் கைதட்டினார்கள். நானும் சிரிக்க வாயைத் திறந்தேன். அப்படியே நின்றுவிட்டேன்.

மேசை ஞாபகம் வந்தது வாலு. நம் சமையலறையில் சன்னல் பக்கம் போட்டிருந்த பழைய மேசை. மத்தியானச் சாப்பாடு. நான் சாப்பிட்டுக்கொண்டே ஆர்டர் புத்தகத்தில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தேன். அவள் உட்காரவில்லை, நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "எனக்கு இந்த லிக்விட் ஒத்துக்கலைங்க. மூச்சு வாங்குது. வேற எதையாச்சும் வெச்சுத் துடைக்கலாமா?" என்றாள். நான் நிமிரவில்லை. கஸ்டமரிடம் சொன்னதைத்தான் அவளிடமும் சொன்னேன்.

அவள் சொல்லியிருக்கிறாள். மரியாதையாக, தெளிவாகக் கேட்டிருக்கிறாள். நான்தான் அதைக் காதில் வாங்காமல், வாங்காததையும் மறந்துவிட்டேன். இருபத்தைந்து வருடம் எனக்கு அது ஞாபகமே இல்லை.

நீ எனக்கு எதிரில் உட்கார்ந்திருந்தாய். சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தாய், பிறகு உன் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டாய். இப்போது அது எனக்கு அப்படியே தெரிகிறது. பிரியத்தால்தான் சொல்லவில்லை என்று ஜூலையில் எழுதினாயே, அது உன் பிரியம். எனக்குப் புரிகிறது. நீ அதை எழுதாமல் விட்டதற்கு உன்மேல் எனக்கு வருத்தமே இல்லை. உன்னிடம் அப்படிக் கேட்டதுதான் தப்பு.

மேடையில் என்னைப் பேசச் சொன்னார்கள். நன்றி என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். மாலையில் வீட்டுக்கு வந்து, சட்டையை மாற்றிவிட்டு, அந்த மேசை இருந்த இடத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். அவள் கேட்டதற்குப் பதிலை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். "சரிம்மா, உனக்கு ஆகலைன்னா வேணாம், வேற பார்க்கலாம்." அவ்வளவுதான். ஐந்து விநாடிகூட ஆகவில்லை.

உன் அண்ணன்